பதினேழு வீட்டு நோட்டு

இப்போதெல்லாம் தாய்மார்கள் கைப்பேசியில் கூட்டம் சேர்கிறார்கள். பிள்ளைக்குச் சளி என்று ஒருத்தி கேட்டால் நாற்பது பேர் பதில் சொல்கிறார்கள். என் மருமகள் அதைக் காட்டி, "பாருங்க அத்தை, எவ்வளவு வசதி!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதே வேலையை மெர்டேக்காவுக்கு முன்பே, மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே, காஜா பேராங்கில் ஆரம்பித்து நடத்தியவள் நான். நடத்தி, ஒரு பிள்ளையின் காதையும் காலையும் கெடுத்தவளும் நான்தான். முதல் பாதியைப் பெருமையாக எல்லாரிடமும் அளந்திருக்கிறேன். இரண்டாம் பாதியை என் பிள்ளைகளிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லை.

கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அதற்கு முன் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், அதனால் எழுத்து கையில் இருந்தது, திமிரும் இருந்தது. கணவர் டவுனில் ஓர் அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. காஜா பேராங்கில் பலகை வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் அம்மா இறந்து போயிருந்தார். மாமியார் இருந்தது கப்பல் ஏறிப் போகவேண்டிய தூரத்தில். பெரியவன் பிறந்தபோது பிள்ளையை எப்படித் தூக்குவது என்று சொல்லித்தரக்கூட நாதியில்லை. மருத்துவச்சி வந்தாள், குளிப்பாட்டினாள், போய்விட்டாள். நாற்பது நாள் வாசல்படி தாண்டக்கூடாது என்று சட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த நாற்பது நாளில் வெளியுலகம் என்றால் எனக்கு ரொட்டி பாய் ஒருவர்தான். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி, கையில் அழுத்தும் ஹாரன். ஒரு நாள் பிள்ளை வீறிட்டு அழுவதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு லோரோங் தள்ளி, அந்தச் சந்துல ஒரு வீட்டுலயும் இப்படித்தான்மா கத்துது. அந்தத் தங்கச்சியும் ஒத்தையாத்தான் கெடக்குது" என்றார். நான் உடனே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: "உங்கள் பிள்ளையும் பால் குடித்ததும் கக்குகிறதா?" மறுநாள் ரொட்டியோடு பதில் வந்தது. "கக்குகிறான். எனக்கும் அழுகை அழுகையாக வருகிறது." அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை இருக்கிறதே, பிள்ளையே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது.

அப்படித்தான் நோட்டு பிறந்தது. பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. காலையில் ரொட்டிப் பெட்டிக்குள் போகும், ஒவ்வொரு வீடாகச் சுற்றும், இரண்டு மூன்று நாளில் என்னிடமே திரும்பி வரும். முதலில் நாலு வீடு, பிறகு எட்டு. மெர்டேக்கா வருஷத்தில் பதினேழு வீடு ஆகிவிட்டது. செங் என்ற ஊரில் இரண்டு, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மூன்று, மீதி எங்கள் சுற்றுவட்டாரம். ரொட்டி பாய் எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் நோட்டும் போனது. பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்காச் செட்டி, பல தலைமுறையாக மலாய் பேசியே வாழ்கிறவர்கள், அவளுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் எழுதுவதைப் பார்த்து மலாயில் கேலி செய்வாள், பேச வாய் இருக்கும்போது ஏன் இப்படிக் கிறுக்குகிறீர்கள் என்று. ஆனால் அவள் பேரனுக்கு வயிற்றோட்டம் வந்தபோது நோட்டில் என்ன போட்டிருக்கிறது என்று வந்து கேட்டவளும் அவள்தான்.

நான் ஒரு விதி வைத்திருந்தேன். கேள்வி கேட்பவள் யார் என்று எவளுக்கும் தெரியக்கூடாது. எல்லாரும் கேள்வியைத் தனித்தாளில் எழுதி என்னிடம் அனுப்ப வேண்டும், நான் அதை என் கையெழுத்தில் நோட்டில் ஏற்றுவேன், தாளை அடுப்பில் போட்டுவிடுவேன். அவரவர் மாமியார் கையில் நோட்டு சிக்கினாலும் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. ரொட்டி பாயும் நோட்டைப் பிரிக்கமாட்டார். "அடுத்த வீட்டு ரகசியம் எனக்கு ஹராம்மா" என்பார். இந்தத் தைரியத்தில் பெண்கள் என்னென்னவோ எழுதினார்கள். பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிற புருஷனைப் பற்றி, வற்றிப்போன பாலைப் பற்றி. ஒருத்தி கேட்டாள்: "சில நேரம் பிள்ளை முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நான் ராட்சசியா?" அதற்குக் கீழே ஒன்பது பேர் 'எனக்கும்தான்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்காகவே இந்த நோட்டை ஆரம்பித்தது தகும் என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன், என்ன செய்ய.

என்னை எல்லாரும் 'நோட்டக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாசாரில் மீன் வாங்கும்போதுகூட முன்பின் தெரியாதவள் வந்து, "நீங்கதானே நோட்டக்கா?" என்று சிரிப்பாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது, ஆனால் கடைசி வரியை நான்தான் எழுதுவேன். "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்று முடிப்பேன். அதைப் படிக்கத்தான் நோட்டுக்காகக் காத்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.

எங்கள் வழக்கத்தில், பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. நன்றாக வளர்ந்த பிள்ளை ஒன்று போட்டுக் கழித்த பழந்துணியைத்தான் முதலில் போடவேண்டும், அந்தப் பிள்ளையின் திடமும் ஆயுசும் இதற்கும் ஒட்டும் என்பார்கள். என் பெரியவன் கொழுக்கட்டை மாதிரி இருந்தான். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. நோட்டில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாம் "அக்கா, பெரியவன் துணி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் சட்டைகளையும் துண்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, கரப்பான் கடிக்காமலிருக்க வெள்ளை வெள்ளையாகப் பாச்சை உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். கேட்பவளுக்கு ஒரு மூட்டை கட்டி ரொட்டி பாயிடம் கொடுத்தனுப்புவேன், நாற்பது நாள் கழித்துத் திரும்பி வரும். நோட்டில் நானே எழுதினேன்: "துவைக்காமல் அப்படியே போடுங்கள். துவைத்தால் ராசி போய்விடும்." அந்தப் பாச்சை உருண்டை வாசம் எங்களுக்குச் சுத்தத்தின் வாசம். ஏழு பிள்ளைகள் அந்தத் துணியில் வளர்ந்தார்கள், ஏழும் நன்றாகவே இருந்தன.

எட்டாவது, பத்து பெரெண்டாம் ஊரில் இருந்த ஒரு பெண்ணின் பிள்ளை. என்னைவிட மூன்று வயது சின்னவள், முதல் கர்ப்பம் கலைந்து இரண்டாவது தங்கியிருந்தது. மாமியாரும் அவளும் ஒரே வீட்டில், புருஷன் வேலை நிமித்தம் பாதி நாள் வெளியூர். மெர்டேக்காவுக்கு நாலு நாள் முன்பு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு முதல் வாரமே நான் துணி மூட்டையை அனுப்பியிருந்தேன். "உங்க பெரியவன் மாதிரியே வரணும்க்கா" என்று எழுதியிருந்தாள்.

மெர்டேக்கா அன்று ஊரே தெருவில். கொடி கட்டிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நாற்பது நாள் சட்டப்படி அறைக்குள் அடைந்து கிடந்த அவளுக்கு ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும்தான். புழுக்கம் தாங்கவில்லையாம். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று ஜன்னலில் நீட்டிய ஐஸ் போட்ட ரோஸ் சிரப்பை ஒரு கிளாஸ் குடித்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் குளிர்ந்தது எதையும் வாயில் வைக்கக்கூடாது. குடித்து முடிக்கும்போது மாமியார் பார்த்துவிட்டார்.

மறுநாள் பிள்ளையின் கண்ணில் மஞ்சள். அவள் தாளில் எழுதி வைத்திருக்கிறாள், ஆனால் கொண்டாட்டத்தை ஒட்டி ரொட்டி பாய் இரண்டு நாள் சுற்றுக்கு வரவில்லை. மூன்றாம் நாள்தான் தாள் என் கைக்கு வந்தது. "பிள்ளை மஞ்சளாக இருக்கிறான். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறான். என்ன செய்ய?" நான் யோசிக்கவே இல்லை. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது வழக்கம், காலை வெயில் காட்டு, தானாக இறங்கும் என்று கேள்வியோடு சேர்த்தே எழுதினேன். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்றும் எழுதினேன். அன்றைக்கே நோட்டு வழியிலுள்ள வீடுகளுக்குப் போனது. கீழே ஐந்து பேர் அதையே எழுதினார்கள். நான் சொன்னதால் அவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னதால் அது உண்மை போல ஆயிற்று.

மறுநாள் காலை நோட்டு அவள் வீட்டை அடைந்தபோது பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருந்தானாம். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் நின்றது. அவ்வளவுதான் நின்றது. ஒரு வயதிலும் தலை நிற்கவில்லை. பக்கத்தில் தட்டைப் போட்டு உடைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வயதுக்குமேல்தான் நடந்தான், கால்கள் பின்னிக்கொள்ள.

அவள் நோட்டை விட்டு விலகிவிட்டாள். அந்த வீட்டில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 'ஐஸ் குடிச்சா, பால் குளுந்துபோச்சு, புள்ள காது போச்சு.' வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் இதைச் சொன்னார். அவளும் அதையே நம்பினாள். நானும் அப்போது நம்பினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். சே, ஒரு கிளாஸ் சிரப்புக்கு நாக்கை அடக்க முடியவில்லையா என்று மனசுக்குள் அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து தாய்சேய் கிளினிக்குக்குக் கொண்டுபோன அன்றுதான் என் தலையில் இடி விழுந்தது. அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பிள்ளையைத் தூக்கியதும் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா இதுல பாச்சை உருண்டை போட்டது?"

"நான்தான் மிஸ்ஸி. கரப்பான் வரும்ல."

"இப்பவே கழட்டுங்க! சில புள்ளைங்க ரத்தத்துக்கு இந்த வாசமே ஆகாது. ரத்தம் ஒடஞ்சு மஞ்சள் தலைக்கு ஏறிடும். காது போகும், கை கால் இழுத்துக்கும். எல்லாப் புள்ளைக்கும் வராது, எதுக்கு வரும்னு பாத்தாத் தெரியாது. இப்பத்தான் எங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவள் பேசிக்கொண்டே போனாள். எனக்கு ரோஸ் சிரப்பு மறைந்து போய், என் கையால் கட்டிய மூட்டை மட்டும் கண்முன் நின்றது. 'துவைக்காமல் அப்படியே போடுங்கள்.' என் கையெழுத்து, என் புத்தி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "இப்ப போய்ச் சொல்லி என்ன ஆவப் போவுது? அந்தப் பையனுக்குக் காது வந்துருமா? உன் பேருதான் நாறும்" என்றார். நியாயமாகப் பட்டது. எனக்கு வேண்டிய நியாயம் அதுதானே, அதனால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நோட்டில் ஒரு வரி எழுதினேன்: "குழந்தைத் துணியில் பாச்சை உருண்டை போடவேண்டாம்." ஏன் என்று எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு வரியில் மறைத்தேன். அவள் நோட்டிலேயே இல்லை, அவளுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அந்த வீட்டுச் செய்தியெல்லாம் ரொட்டி பாய் மூலம் வந்துகொண்டுதான் இருந்தது. மாமியார் அவளைச் சமையலறையில் தனித்தட்டில் சாப்பிட வைக்கிறாராம். பையனின் பிறந்த நாள் வந்தால் அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறாளாம். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்வேன். ஐயோ பாவம்! சொன்ன வாயை என்ன செய்யலாம்?

ஒரு நாள் காலை ரொட்டி பாய் ரொட்டியை நீட்டிக்கொண்டே சிரித்தார். "நல்ல சேதிம்மா. பத்து பெரெண்டாம் தங்கச்சி மறுபடி முழுகாம இருக்கு, ஏழாம் மாசம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு."

"என்ன?"

"உங்க பெரியவன் துணி வேணுமாம்."

 இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு என் துணிமேல் நம்பிக்கை. குற்றமெல்லாம் தன் தொண்டையில்தான் என்று நினைக்கிறவள், துணியை ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

அந்தத் துணிகளை எடுத்துச் சோடா போட்டு வேகவைத்தேன். மூன்று நாள் வெயிலில் காயப்போட்டேன். முகர்ந்து முகர்ந்து பார்த்தேன், வெறும் வெயில் வாசம்தான். அப்போது ஒரு கெட்ட புத்தி வந்தது. இப்படியே கட்டி ரொட்டி பாயிடம் கொடுத்துவிட்டால் என்ன? பிள்ளைக்கு ஆபத்தில்லை. யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். மூட்டையைக் கட்டியும் விட்டேன். மறுநாள் ஹாரன் சத்தம் கேட்டது. "துணி ரெடியாம்மா?" என்றார். இல்லை, நானே கொண்டுபோகிறேன் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. 

பஸ் பிடித்துப் போனேன். அவளை நேரில் பார்ப்பது அதுதான் இரண்டாவது தடவை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பையன் தரையில் ஒரு பால் டின்னை உருட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து டின்னை என் பக்கம் உருட்டிவிட்டான். நான் அதைத் திருப்பி உருட்டவில்லை. உருட்டியிருக்கலாம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாச்சை உருண்டை, துவைக்காத துணி, மிஸ்ஸி சொன்னது. ஐஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். வெயில் காட்டச் சொல்லி எழுதியதும் நான்தான் என்றேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"தாளக் குடுத்துட்டு, நோட்டு வரட்டும்னுதான்க்கா ஒரு நாளு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தேன்" என்றாள். பிறகு, "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமாச்சு."

அவள் கணக்குப் பார்ப்பவள் போல என்னையே பார்த்தாள். "ரெண்டு வருஷமா தெனமும் இந்த வாயில நானே அடிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா." அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எழுந்து என் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க. எங்க மாமிகிட்ட சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.  முடித்ததும் அவளைப் பார்த்து, "நீதான் இதச் சொல்லச் சொல்லிக் கூட்டியாந்தியா?" என்றார்.

"இல்லம்மா, நானாத்தான் வந்தேன்" என்றேன்.

"அட போம்மா. துணி வாசத்துக்குக் காது போவுமா? ஒங்க மவனும் அதே துணியத்தானே போட்டான்? ஊருல ஏழு புள்ளைங்க போட்டிச்சில்ல? அதுங்களுக்கெல்லாம் போகாத காது எம் பேரனுக்கு மட்டும் போச்சாக்கும்! நோட்டுல எழுதி எழுதி இவ மனச நீங்க தேத்துனது போதும்லா. இவ ஐஸ் குடிச்சத நான் என் கண்ணால பார்த்தேன்."

மிஸ்ஸி சொன்ன ரத்தக் கதையை மறுபடி சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கே கட்டுக்கதை போலக் கேட்டது. மாமியார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிக்கேட் வரை அவள் கூடவே வந்தாள். மூட்டையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நெசமாத்தான் சொன்னீங்களா? இல்ல, புள்ள பெக்கப்போறா, மனசு ஆறட்டும்னு சொன்னீங்களா?"

"ஐயோ, என் பெரியவன்மேல சத்தியமா நெசம்மா!"

"நோட்டுலயும் இப்படித்தானே எழுதுவீங்க, பயப்படாதே, ஒண்ணும் ஆவாதுன்னு." கோபமாகச் சொல்லவில்லை, என்மேல் இரக்கப்பட்டவள் போலச் சொன்னாள். "புள்ளமேல சத்தியம் பண்ணாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினாள்.

அந்த மாதத்தோடு நோட்டை நிறுத்திவிட்டேன். பலர் கேட்டு அனுப்பினார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பத்து பெரெண்டாமில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மஞ்சள் வரவில்லை, காது நன்றாகக் கேட்கிறது, யாராவது தட்டினால் திரும்பிப் பார்க்கிறது என்று ரொட்டி பாய் வந்து சொன்னார். இந்தத் தடவை ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை, அதனால்தான் பிள்ளை தப்பித்தது என்று அந்த வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். "மாமியாதானே அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டேன். "இல்லம்மா, அந்தத் தங்கச்சியே எங்கிட்டச் சொல்லிச்சு" என்றார்.